அடியில்லாத கூடை

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு பள்ளி மைதானம். வெடிப்பு விட்ட சிமெண்ட் தரை, இரண்டு கம்பங்கள், துரு ஏறிய இரண்டு இரும்பு வளையங்கள். சாயங்காலம் கடற்காற்று கிளம்பிவிட்டால், தூரத்திலிருந்து எறிகிற பந்து வளையத்துக்கு ஒரு சாண் தள்ளியே விழும். பையன்கள் அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். "காத்துக்கு விட்டு அடிடா" என்று ஒருவன் கத்துகிறான். பந்து ரப்பர் பந்து. மேலே இருந்த புள்ளிகளெல்லாம் தேய்ந்து, வழுக்கை விழுந்து கிடக்கிறது. தோல் பந்து இந்தத் தரையில் ஒரு பருவம்கூடத் தாங்காது.

இந்தப் பந்து கிளம்பிய இடத்தில் அது கூடைப்பந்தே அல்ல, கால்பந்து. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. உள்ளே உடற்பயிற்சி செய்து சலித்துப்போன பதினெட்டு மாணவர்கள். அவர்களைச் சமாளிக்கும் பொறுப்பு ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் பள்ளியின் பராமரிப்பாளரிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். இருந்தது பீச் பழக்கூடைகள்தான். அவற்றையே மாடத்துக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அன்றைக்குப் பெட்டி கிடைத்திருந்தால் நாம் இதைப் பெட்டிப்பந்து என்று சொல்லிக்கொண்டிருப்போம். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. யாரோ ஒரு கொத்தனார் வைத்த அந்த உயரம்தான் இன்றுவரை உலகம் முழுக்க 3.05 மீட்டர் என்று சட்டமாக நிற்கிறது, இந்தக் கடற்கரை மைதானம் உட்பட.

பக்கத்துக்கு ஒன்பது பேர், பதின்மூன்று விதிகள். பந்தோடு ஓடக்கூடாது, தட்டிக்கொண்டே போவதெல்லாம் பிற்பாடு வந்த வித்தை. முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு கோல். பந்து கூடைக்குள் விழுந்தால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும். கூடையின் அடியைத் திறந்துவிட்டால் பந்து தானாக விழும் என்ற யோசனை நிலைபெறச் சில வருடங்கள் பிடித்தன. பின்பலகை வந்த கதை இன்னும் வேடிக்கை. மாடத்தில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள் கையை நீட்டி, தங்கள் கட்சிக்குச் சாதகமாகப் பந்தைத் தள்ளிவிட்டார்களாம். அதைத் தடுக்க வைத்ததுதான் பலகை. விசிலடிப்பதோடு நிற்கும் நம் ரசிகர்கள் எவ்வளவோ தேவலாம்.

அந்தப் பதினெட்டு மாணவர்களில் ஒருவரான டங்கன் பேட்டன் 1894-ல் இந்த ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். ஆனால் நம் பக்கத்தில் வேர் பிடித்தது இன்னொரு ஸ்பிரிங்ஃபீல்ட்காரரால். ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே பழைய உடற்கல்விக் கல்லூரி என்ற பெயர் அதற்கு உண்டு. பிறகு அது சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் நிலைகொண்டது. அந்த இடம் இன்றைய நந்தனம், நடுச்சென்னை. அந்தக் காலத்தில் சைதாப்பேட்டை செங்கல்பட்டு மாவட்டத்துத் தாலுகா; செங்கல்பட்டுக் கலெக்டர் குடியிருந்ததே அங்கேதான். ஆக, இந்த மைதானம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டம் கூடைப்பந்துக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல முடியாது. பந்து இங்கே கடல் வழியாக வரவில்லை, சைதாப்பேட்டை வழியாக வந்தது.

பக் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவர். அதைவிடப் பெரிய காரியம், அவர் பயிற்சி கொடுத்து அனுப்பிய ஆசிரியர்கள். அதுவரை பள்ளிகளில் இருந்தவர் டிரில் மாஸ்டர்: வரிசையில் நிறுத்துவார், கையைத் தூக்கச் சொல்வார், அவ்வளவுதான். பக்கின் மாணவர்கள் மிஷன் பள்ளிகளுக்கும் போர்டு பள்ளிகளுக்கும் பந்தோடு போனார்கள். இரண்டு கம்பம் நட இடமிருந்தால் போதும், கால்பந்து மைதானம் மாதிரி ஏக்கர் கணக்கில் நிலம் கேட்காத ஆட்டம். தமிழ்நாட்டில் பெரியகுளம் மாதிரி ஊரில்கூட அகில இந்தியப் போட்டி நடக்கிறதென்றால், அந்தப் பி.டி. மாஸ்டர் பரம்பரைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இங்கே ஹங்கேரியை எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. 2022-ல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த செஸ் ஒலிம்பியாட், அடுத்து 2024-ல் புடாபெஸ்டுக்குத்தான் போனது. அந்த உறவு போதும். 1955-ல் புடாபெஸ்டிலேயே கூடைப்பந்தில் ஐரோப்பிய சாம்பியன் ஆன நாடு அது. அங்கே சோல்னோக் என்ற ஊரின் கிளப்புக்கு 'ஒலாய்' என்று பெயர், எண்ணெய் என்று பொருள். எண்ணெய்த் தொழில்காரர்கள் 1959-ல் ஆரம்பித்தது. ஆலை அணியாகப் பிறந்து, ஊர் அணியாக வளர்ந்து, சம்பளம் வாங்கும் தொழில்முறை கிளப் ஆனது. ஆட்டம் தோற்றால் ஊரே முகம் வாடும்.

நம்மிடமும் தொடக்கம் அதேதான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே என்று நிறுவனங்கள்தான் அணி வைத்தன. ஆனால் அங்கே நடந்த அடுத்த படி இங்கே நடக்கவில்லை. வங்கி அணி கடைசிவரை வங்கி அணியாகவே இருந்தது. ஐ.ஓ.பி. தோற்றதற்காக எந்தத் தெருவும் சோறு தின்னாமல் படுத்ததில்லை. ஆட்டக்காரருக்கு அது கிளப் அல்ல, உத்தியோகம்: விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, பிறகு பதவி உயர்வு, கடைசியில் ஓய்வூதியம். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடுத்தர வீட்டு, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளை ஒரு பந்து அரசாங்கச் சம்பளத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது சின்ன விஷயமா? தெற்கு ரயில்வேயில் பணியாற்றிய அனிதா பால்துரை பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடினார், அணித்தலைவரானார், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒரு தொழில்முறை கிளப்பை நம்பி இருந்திருந்தால் அத்தனை ஆண்டு நிம்மதியாக ஆடியிருக்க முடியுமா என்பது சந்தேகம். நகரங்களின் பெயரில் தனியார் லீக்குகள் வந்தன. 2015-ல் தொடங்கிய ஒன்றில் 'சென்னை ஸ்லாம்' என்று ஓர் அணிகூட இருந்தது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த லீக் அடங்கிவிட்டது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்போது பந்து ஏறியிருக்கும் படி பல்கலைக்கழகம். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., படூர் இந்துஸ்தான் போன்ற இடங்களில் விளையாட்டுப் பிள்ளைகளுக்குச் சேர்க்கை கிடைக்கிறது. பத்தாம் வகுப்பிலேயே உயரம் எடுத்த பையனின் அப்பா கேட்கும் கேள்வி, "எந்த அணியில ஆடுவான்?" என்பதல்ல. "காலேஜ் ஃப்ரீயா சார்?" என்பதுதான்.

அந்தக் கடற்கரைப் பள்ளி மாஸ்டரிடமும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவே வளையத்தை அண்ணாந்து பார்த்தேன். வளையம் துருப்பிடித்திருந்தாலும் அதில் தொங்கிய வலை கெட்டியாக இருந்தது, கடைச்சரக்கு மாதிரி தெரியவில்லை.

"கடையில வாங்கினா உப்புக்காத்துல நாலு மாசம் தாங்காது சார்" என்றார் மாஸ்டர். "இது நம்ம பையன் ஒருத்தனோட அப்பா பின்னிக் கொடுத்தது. மீன் வலை நைலான். போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

பையன் எறிந்த பந்து காற்றுக்கு வளைந்து வளையத்துக்குள் இறங்கியது. வலைக்கண் கொஞ்சம் நெருக்கம். பந்து ஒரு நொடி உள்ளேயே சிக்கி நின்று, பிறகுதான் கீழே விழுந்தது.