ஒரு லோடு கால் ஜல்லி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும்போது, உப்பளங்கள் வருவதற்கு முன்பே பெருமுக்கல் மலை வந்துவிடும். உச்சியில் சிவன் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள். குகையில் அவற்றைவிடப் பழைய பாறைக் கீறல்கள். 1760இல் இந்த மலைமேல் இருந்த கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். இன்று இந்த வட்டாரத்திலிருந்து ஊர் ஊராகப் போவது கருங்கல்.

குவாரியில் கம்ப்ரசரால் துளை போட்டு வெடி வைக்கிறார்கள். சரிந்த கல்லைச் சம்மட்டியால் சக்கையாக உடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். கிரஷரில் அது ஒன்றரை, முக்கால், அரை, கால் ஜல்லியாகப் பிரிகிறது, மிஞ்சுவது டஸ்ட். கால் ஜல்லியும் டஸ்ட்டும் சிமென்ட்டோடு சேர்ந்தால் ஹாலோ பிளாக். பத்து ஆள் வேலை செய்யும் பிளாக் பட்டறையில் இந்தச் சரக்கு யூனிட் கணக்கில் வந்து இறங்கும். ஒரு யூனிட் 100 கன அடி.

லாரியோடு நடைச்சீட்டும் வரும். எந்தக் குவாரி, எவ்வளவு கல், எந்த வண்டி, எல்லாம் அதில் இருக்கும். அரசுக்குச் சேரவேண்டிய பணம் தப்பக் கூடாதே! ஆனால் சக்கை உடைத்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. கொத்தடிமை முறை ஒளிந்துகொள்வது இந்த இடத்தில்தான்.

பிரசவச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்குவதில் அது தொடங்குகிறது. கூலி லோடு கணக்கில்; அதில் பிடித்தம் போக, கைக்கு வருவது வாரச் சாப்பாட்டுக்குத்தான் காணும். வேறு குவாரிக்குப் போக வேண்டுமென்றால் புது முதலாளி பழைய கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். கடன் அப்படியே இருக்கும், கொடுத்தவர் மட்டும் மாறுவார். குவாரியில் மட்டுமல்ல, 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் 42 கொத்தடிமைகளை மீட்டார்கள். ஒரு முதியவர் வட்டாட்சியர் காலில் விழுந்தார். ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக அந்த மனிதர் வருடக்கணக்கில் கட்டுண்டு கிடந்தார் என்பதை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறவில்லை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கவேண்டியவர் கடன் கொடுத்தவர். ஃபரிதாபாத் கல்குவாரிகள் பற்றிய வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: கட்டாய வேலை என்று தெரிந்தால், அதன் பின்னால் ஒரு முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது.

கல்லுடைப்பவர் கையிலேயே குவாரி வந்ததும் நம் ஊரில் நடந்ததுதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் குவாரிக் குத்தகைகளைப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தார். கொத்தடிமைப்பட்டுக் கிடந்தவர்கள் உட்படச் சுமார் 4,000 பெண்கள் கணக்கு வழக்கைத் தாங்களே பார்த்தார்கள்.

சரக்கு வாங்குபவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம், சரக்கு வரும் வழியில் அடிமை வேலையைத் தடுக்க என்ன செய்தார்கள் என்று 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ விற்றுமுதல் உள்ள நிறுவனங்களிடம்தான் ஆண்டறிக்கை கேட்கிறது. நம் பிளாக் பட்டறைக்காரருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனாலும் அவர் கேட்கலாம்: சக்கை உடைப்பவருக்கு லோடுக்கு என்ன கூலி, யார் கையில் கொடுக்கிறீர்கள், அட்வான்ஸ் பாக்கி எவ்வளவு, நின்றுவிடுகிறேன் என்றால் விடுவீர்களா? ஒரு முறை குவாரிக்கே நேரில் போனால் இன்னும் நல்லது. யூனிட்டுக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லும்போது அந்த நூறு யார் கூலியில் கழியும் என்பதையும் அவர் கேட்டே ஆகவேண்டும்.

பதில் சரியில்லை என்றால் உடனே சரக்கை நிறுத்தி ஒதுங்கிக்கொள்வது தப்பு. விஷயம் கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் குடும்பங்களை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். முதலில் சார் ஆட்சியரிடம் போக வேண்டும். அங்கே கிடைக்கும் விடுதலைச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் கடன் தீர்ந்தது என்று அவர்களால் காட்ட முடியும்.