டாக்டர்கள் செய்த வேலைநிறுத்தம்

வைத்தியச் செலவை யார் ஏற்பது? அரசா, நோயாளியா? கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1962-ல் இந்தச் சண்டை முற்றியது.

சிறுவயதில் டாமி டக்ளஸுக்குக் கால் எலும்பில் சீழ் பிடித்தது. வீட்டில் பணமில்லை. மாணவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று ஒரு மருத்துவர் இலவசமாக அறுவை சிகிச்சை செய்ததால் கால் தப்பியது. இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் இருக்கக் கூடாது என்று நினைத்த டக்ளஸ், மாகாண முதல்வரானபின் அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்று அறிவித்தார்.

1962 ஜூலை 1-ல் திட்டம் தொடங்கியதும் பெரும்பாலான டாக்டர்கள் கிளினிக்கை மூடினார்கள். அரசாங்கச் சம்பளக்காரர் ஆகிவிடுவோமோ என்ற பயம். 23 நாளில் சமரசம் வந்தது: டாக்டர் தனியாராகவே இருப்பார், பில்லை அரசு கட்டும்.

1972-க்குள் கனடா முழுவதும் இதே முறை. டாக்டர்கள் பயந்தபடி அரசு ஊழியர் ஆகவில்லை; நோயாளியும் டாக்டர் பில்லுக்காகக் கடன் வாங்கவில்லை.