கணித எழுத்தின் பெயர்ப்பு: பார்வையற்றோர்க்குரிய வடிவங்களின் வரலாறு

கணித ஆவணங்களைப் பார்வையற்றோர் பயன்கொள்ளும் வடிவங்களுக்கு மாற்றும் முயற்சியில், மொழிபெயர்ப்பாளர் நன்கறிந்த சிக்கலொன்று தொடக்கமுதலே நிலவி வந்துள்ளது. பெயர்க்கப்பட வேண்டியது தோற்றமா, பொருளா என்பதே அது.

உரைநடை ஒரே திசையிற் செல்வது. கணித எழுத்தோ மேலும் கீழும் விரிவது. 6 + 4 என எழுதி, முழுமைக்கும் கீழே கோடிட்டு 2 என இட்டால் மதிப்பு 5 ஆகும். அதனையே ‘ஆறு கூட்டல் நான்கு வகுத்தல் இரண்டு’ என வாசித்தால், கேட்போர் 8 எனக் கொள்வர். கோட்டின் நீளம் உணர்த்திய எல்லை ஒலியில் மறைந்துவிடுகிறது. தேர்வறையில் வினாவைச் செவியால் மட்டுமே அறியும் மாணவர்க்கு இவ்விழப்பு சிறிதன்று.

பிறவியிலேயே பார்வையற்றவரான அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஆபிரகாம் நெமெத் 1952இல் வகுத்த பிரெயில் முறை, பின்னத்தின் தொடக்கத்தையும் முடிவையும் தனிக்குறிகளாற் காட்டியது. இலக்கங்களைப் பிரெயில் கட்டத்தின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி, எழுத்துகளினின்றும் வேறுபடுத்தியது.

கணிப்பொறித் துறையில் டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்ட டெக், பின்னம், வர்க்கமூலம் போன்றவற்றைக் கட்டளைச் சொற்களாற் குறித்தது. அச்சழகு கருதி எழுந்த இம்மரபே செவிக்கும் வழி திறந்தது. பதினான்காம் வயதிற் பார்வையிழந்த இந்தியரான டி. வி. ராமன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர்பட்ட ஆய்வாக ‘ஆஸ்டர்’ என்னும் அமைப்பை அளித்தார். அது லேடெக் கோப்பிலிருந்து கோவையின் உறுப்பமைப்பை உணர்ந்து, மேற்குறியை உயர்ந்த குரலிலும் கீழ்க்குறியைத் தாழ்ந்த குரலிலும் ஒலித்தது.

1998இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த மேத்எம்எல், தோற்றக் குறிப்பு, பொருட் குறிப்பு என இருவகைகளை வகுத்தது. சார்பின் மேலிட்ட −1 நேர்மாறுச் சார்பைக் குறிக்கும். எண்ணின் மேலிட்ட −1 தலைகீழியைக் குறிக்கும். தோற்றம் ஒன்றே, பொருள் வேறு. எனினும் நடைமுறையில் தோற்றக் குறிப்பே பெருவழக்காயிற்று. ஆதலின் பொருள் காணும் பணி வாசிக்கும் கருவியின்மேல் விழுந்தது. அச்சுப் பக்கத்தின் படிமம் மட்டுமே கிடைக்குமிடத்துக் குறிகளை அடையாளங்கண்டு கட்டமைப்பையும் மீட்டமைத்தல் வேண்டும்.

இங்கு மொழியியலார்க்கும் பணி உண்டு. வாசிப்பு விதிகள் மொழிக்கு மொழி வேறுபடுவன. ‘ஆறையும் நான்கையும் கூட்டி வந்த தொகையை இரண்டால் வகுக்க’ என்னும் தமிழ்த்தொடரில் வேற்றுமை உருபுகளும் வினையெச்சமும் எல்லையைத் தாமே காட்டுகின்றன. ஆங்கில வாசிப்பின் சொல்வரிசையை அவ்வாறே பெயர்ப்பின் அத்தெளிவு கெடும். நெமெத் தனிக்குறிகளாற் காட்டியதைத் தமிழ் தன் இலக்கணத்தாலேயே காட்டவியலும் என்பது கருதத்தக்கது.