மின்பாலம் முதல் எல்.சி.ஆர். மானி வரை



மின்னணுவியல் பயிலும் நம் பிள்ளைகள் ஆய்வுக்கூட மேசையில் பயன்படுத்தும் கருவிகளுள் ஒன்று எல்.சி.ஆர். மானி. எல் என்பது மின்தூண்டலையும், சி என்பது மின்தேக்குதிறனையும், ஆர் என்பது மின்தடையையும் குறிக்கும். உறுப்பைப் பொருத்திப் பொத்தானை அழுத்தினால் திரையில் எண் தோன்றுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கால உழைப்பு இருக்கிறது. அதனை அறியாமல் எண்ணை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

ஓர் ஆசிரியரின் கண்டுபிடிப்பு

மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் லெய்டன் சாடி 1745, 1746ஆம் ஆண்டுகளில் உருவானது. மின்தடைக்கான விதியை ஓம் 1827இல் வெளியிட்டார். மின்காந்தத் தூண்டலை 1831இல் ஃபாரடே நிறுவினார். கம்பிச் சுருளின் தன்தூண்டல் பற்றி 1832இல் ஜோசஃப் ஹென்றி எழுதினார். மூன்று பண்புகளும் இவ்வாறு அறியப்பட்டுவிட்டன. ஆனால், அவற்றைத் துல்லியமாக அளப்பதற்கு அன்று நல்ல வழி இல்லை. மின்கலத்தின் ஆற்றல் குறையக் குறைய முள்ளின் விலக்கமும் மாறிக்கொண்டே இருந்தது.

இதற்கு வழி கண்டவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இங்கிலாந்தின் ஊல்விச் நகரில் இருந்த அரச இராணுவக் கல்விக்கழகத்தில் கணிதம் கற்பித்த சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி, நான்கு மின்தடைகளை நாற்கரமாக இணைக்கும் முறையை 1833இல் வெளியிட்டார். எதிரெதிர் முனைகளுக்கு இடையே மின்கலம். மற்ற இரு முனைகளுக்கு இடையே மின்னோட்டங்காட்டி. மின்தடைகளின் விகிதங்கள் சமமாகும்போது முள் சுழியத்தில் நிற்கும். மின்கலம் சற்றுத் தளர்ந்தாலும் அந்தச் சுழியம் மாறாது. எவ்வளவு விலகியது என்று அளப்பதை விடுத்து, விலகவே இல்லை என்பதை உறுதி செய்வதே இம்முறையின் நுட்பம்.

பத்தாண்டுகள் இதனைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் இதன் பயன்களை விளக்கி எழுதிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. கிறிஸ்டிதான் முதலில் கண்டார் என்று வீட்ஸ்டன் நேர்மையாகக் குறிப்பிட்டிருந்தும், ‘வீட்ஸ்டன் பாலம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. வகுப்பில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் கிறிஸ்டியின் பெயரையும் ஒருமுறை சொல்லிவிட வேண்டுமென்பது என் விருப்பம்.

செவியால் அளந்த காலம்

மின்தேக்கியையும் மின்தூண்டியையும் அளக்க மாறுதிசை மின்னோட்டம் தேவைப்பட்டது. மின்தூண்டலை மின்தேக்குதிறனோடு ஒப்பிடும் பாலத்தை மாக்ஸ்வெல் 1873இல் வெளியான தம் நூலில் விளக்கினார். 1891இல் மாக்ஸ் வீன் மாறுதிசை மின்பாலங்களை மேலும் வளர்த்தார். அக்காலத்தில் தொலைபேசியின் காதுக்குழலே சமநிலைகாட்டியாகப் பயன்பட்டது. ஒலி தேய்ந்து மறையும் வரை குமிழைத் திருப்ப வேண்டும். இங்கு அளவு மட்டுமன்றிக் கட்டமும் பொருந்த வேண்டும். ஆகவே, ஒரு குமிழைச் சற்றுத் திருப்பி, மற்றொன்றைச் சற்றுத் திருப்பி, மீண்டும் முதற்குமிழுக்கு வரும் பொறுமை தேவைப்பட்டது. இன்றும் மானிகளில் 1 கிலோஹெர்ட்ஸ் வழக்கமான சோதனை அதிர்வெண்ணாக இருக்கிறது. மனிதச் செவி நன்கு உணரக்கூடிய ஒலி அது.

1915இல் அமெரிக்காவில் மெல்வில் ஈஸ்தம் தொடங்கிய ஜெனரல் ரேடியோ நிறுவனம், 1930களில் இப்பாலங்களை ஒரே பெட்டியில் அடக்கி விற்றது. 1970களில் நுண்செயலி வந்ததும் குமிழ் திருப்பும் வேலை மறைந்தது. கருவியே உறுப்பின் மீது மின்னழுத்தத்தைச் செலுத்தி, பாயும் மின்னோட்டத்தையும் இரண்டுக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டையும் அளந்து, மின்மறிப்பைக் கணக்கிட்டது.

இவ்வரலாறு நம் நாட்டுக்கும் அயலானதன்று. இத்தகைய மானிகளைச் செய்து புகழ்பெற்ற ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம் 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதிக்கு வந்தது. அதன் அளவைக் கருவிப் பிரிவு 1999இல் அஜிலன்ட் என்றும், 2014இல் கீசைட் என்றும் தனித்தனி நிறுவனமாயிற்று.

எண் ஒன்று, நிபந்தனை பல

என்னிடம் தமிழ்ப்பள்ளியில் பயின்று, இப்போது தொழிற்கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர், 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பழுதென்று ஒதுக்கி வைத்திருந்தார். கருவி எதிர்மறை எண்ணைக் காட்டியதாம். அவர் சோதித்த அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் மின்தேக்கியின் கால்களிலும் உட்சுருளிலும் உள்ள சிறு மின்தூண்டலே மேலோங்கி நிற்கும். 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொன்னேன். 940 மைக்ரோஃபாரட் என்று காட்டியது. நல்ல உறுப்பு குப்பைக்குப் போக இருந்தது. கருவியும் பொய் சொல்லவில்லை; கேட்ட கேள்விக்குத்தான் விடை சொன்னது.

ஆகவே, மாணவர்கள் பின்பற்ற வேண்டிய ஒழுங்கைக் கீழே தருகிறேன்.

1. கருவியை முன்கூட்டியே இயக்கி, அது நிலைபெறும் வரை காத்திருக்க வேண்டும். பல கருவிகளுக்கு அரைமணி நேரம் தேவை.

2. மின்தேக்கியை முழுமையாக மின்னிறக்கம் செய்த பின்னரே இணைக்க வேண்டும். எஞ்சிய மின்னேற்றம் கருவியைச் சிதைத்துவிடும்.

3. முனைகளைத் திறந்து வைத்து ஒரு முறையும், ஒன்றோடொன்று இணைத்து ஒரு முறையும் திருத்தம் செய்ய வேண்டும். அப்போதுதான் கம்பிகளின் சொந்தப் பண்புகள் கணக்கிலிருந்து நீங்கும். 10 பிக்கோஃபாரட் மின்தேக்கியை அளக்கையில், கம்பிகளுக்கு இடையே 1 பிக்கோஃபாரட் இருந்தாலே பத்து விழுக்காடு பிழையாகும்.

4. நான்கு கம்பி இணைப்பைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு கம்பிகள் மின்னோட்டத்தைக் கொண்டு செல்ல, மற்ற இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். இது கெல்வின் பிரபு நமக்கு விட்டுச் சென்ற கொடை.

5. மின்வழங்கியில் பயன்படும் பெரிய மின்பகு மின்தேக்கிகளை 100 அல்லது 120 ஹெர்ட்ஸில், தொடர்முறையில் அளக்க வேண்டும். மிகச் சிறிய மின்தேக்கிகளுக்கு உயர்ந்த அதிர்வெண்ணும் இணைமுறையும் ஏற்றவை.

6. மின்தேக்குதிறனை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. இழப்புக் காரணியையும் உள்தடையையும் பார்க்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் உலகெங்கும் கணினிகளின் தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் உப்பி வெடித்தன. அத்தகைய உறுப்புகளில் மின்தேக்குதிறன் பெரிதும் குறையும் முன்னரே உள்தடை உயர்ந்துவிடுவது உண்டு.

அளவு எழுதும்போது அதிர்வெண்ணையும் இணைப்பு முறையையும் பக்கத்தில் எழுதும் பழக்கத்தை நம் மாணவர்களுக்கு ஊட்ட வேண்டும். நிபந்தனை எழுதப்படாத அளவு பாதி அளவே.

பெற்றோர்களே, தேர்வுப் புள்ளியும் இத்தகையதே. எந்தச் சூழலில், எந்தக் கேள்விக்கு, எந்த மனநிலையில் எடுத்த எண் அது என்று கேட்காமல், “இவனுக்கு வராது” என்று ஒதுக்கிவிடுதல் தகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மீட்டர் நீளமுள்ள மின்தடைக் கம்பி, ஓர் உலர்மின்கலம், ஒரு மின்னோட்டங்காட்டி, மதிப்பு தெரிந்த ஒரு மின்தடை ஆகியவை இருந்தால் போதும். கிறிஸ்டியின் பாலத்தை வகுப்பிலேயே அமைக்கலாம். முள் சுழியத்தில் நிற்கும் இடத்தை மாணவர்கள் தம் கையாலேயே தேடிக் கண்டுபிடிக்கட்டும். எண்காட்டும் கருவியை அதன்பின் அவர்கள் கையில் கொடுங்கள்.