இணைய மதரஸாவில் ‘சமர்ப்பி’ பொத்தான்

ஹிஃப்ழ் ஓதியவர்களுக்கு இது தெரியும். மனனம் தொடங்கிய முஸ்ஹஃபை முடிக்கும்வரை மாற்றாதே என்பார்கள் உஸ்தாதுமார்கள். மதீனா முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். பக்கத்துக்கு 15 வரிகள், முதலிரண்டு பக்கங்கள் நீங்கலாக. ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தோடு முடியும். பிள்ளையின் நெஞ்சில் வசனம் மட்டுமல்ல, அது வலப்பக்கமா இடப்பக்கமா, மேலேயா கீழேயா என்பதும் பதிந்துவிடுகிறது. வேறு பதிப்பைக் கொடுத்தால் நன்றாக ஓதுபவரும் தடுமாறுவார்.

கற்றல் மென்பொருளிலும் கண்ணும் கையும் இப்படித்தான் பழகுகின்றன. ஒரே வேலைக்கு ஒரே சொல், ஒரே இடம், ஒரே பொத்தான் என்று இருப்பதைத்தான் இடைமுகச் சீர்மை என்கிறோம். ஜேக்கப் நீல்சன் 1994இல் வகுத்த பத்து விதிகளில் நான்காவது இதுவே.

நாமறிந்த ஓர் இணைய வகுப்பில், ஐம்பதைக் கடந்த சகோதரி ஒருவர் ஃபிக்ஹ் பாடத்தின் பதிலை எழுதிச் சேமித்தார். அனுப்பிவிட்டதாகவே நம்பினார். அது வரைவாகக் கிடந்தது, மதிப்பெண் இல்லை. அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை.

குற்றம் அவருடையதல்ல. அங்கே பயன்பட்டது 2002இல் வெளியான, இலவசமாகக் கிடைக்கும் மூடுல் மென்பொருள். அதில் ‘மாணவர் சமர்ப்பி பொத்தானை அழுத்த வேண்டும்’ என்றொரு அமைப்பு உண்டு. அதை அணைத்து வைத்தால் சேமித்தாலே அனுப்பியதாகும். இயக்கினால் சேமித்தது வரைவு மட்டுமே. ஹதீஸ் உஸ்தாத் அணைத்து வைத்திருந்தார், ஃபிக்ஹ் உஸ்தாத் இயக்கியிருந்தார். திரை ஒன்று, சட்டம் இரண்டு! நிர்வாகி தளம் முழுமைக்கும் ஒரே முடிவை வைத்து, ஆசிரியர்கள் மாற்ற முடியாதபடி பூட்டிவிட முடியும். ஐந்து நிமிட வேலை.

சொற்களிலும் இதே குழப்பம்தான். ஓரிடத்தில் ‘சமர்ப்பி’, இன்னோரிடத்தில் ‘அனுப்பு’, மூன்றாமிடத்தில் ஆங்கிலம். மூடுலின் மொழித் தனிப்பயனாக்கம் பகுதியில் இவற்றை நாமே திருத்திக்கொள்ளலாம். எந்தச் சொல் என்பதை உஸ்தாதுமார்கள் முதலில் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். (அந்தக் கூட்டம்தான் ஐந்து நிமிடத்தில் முடியாது!)

அரபியில் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. இடைமுக மொழியை அரபியாக்கினால் திரை முழுவதும் வலமிருந்து இடமாகத் திரும்பும். தமிழ்த் திரையில் அரபி வாக்கியத்தை மட்டும் ஒட்டினாலோ கேள்விக்குறியும் எண்களும் இடம் மாறி நிற்கும். அந்தப் பத்திக்கு மட்டும் எழுத்துத் திசையை வலமிருந்து இடமாக மாற்றினால் போதும்.

ஒவ்வொரு பாடத்தையும் புதிதாக அடுக்காமல், ஒரு மாதிரிப் பாடத்தைச் செய்து நகலெடுப்பதே நல்லது. முதலில் கேட்க, பிறகு வாசிக்க, கடைசியில் ஒப்படைக்க என எல்லா வாரமும் ஒரே வரிசை இருக்கட்டும். உஸ்தாதின் தொடர்பு எண்ணும் எல்லாப் பாடத்திலும் ஒரே மூலையில் இருக்கட்டும்.

பதிப்பை மேம்படுத்துவதை நடு ஆண்டில் செய்ய வேண்டாம். 2022இல் வந்த மூடுல் 4.0 பக்க அமைப்பையே மாற்றியது. பழைய பட்டியல்களைத் தேடி அலைந்தவர்கள் பலர். ரமளான் விடுமுறையில் மாற்றி, ஷவ்வாலில் வகுப்பு தொடங்கும் முதல் நாள் புதிய திரையை நேரில் காட்டிக் கொடுத்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.