மூக்குச் சீரமைப்பு அறுவை

மூக்கின் எலும்பு, குருத்தெலும்பு, தோல் ஆகியவற்றை மாற்றியமைத்து, அதன் தோற்றத்தையோ மூச்சுவழியையோ இரண்டையும் சேர்த்தோ திருத்தும் அறுவை மருத்துவம் மூக்குச் சீரமைப்பு அறுவை எனப்படும். மருத்துவர்கள் இதனை ரைனோபிளாஸ்டி என்பர். இழந்த மூக்கை மீட்பதற்காகத் தோன்றிய இக்கலை, இருக்கும் மூக்கை விருப்பப்படி மாற்றும் கலையாக விரிந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். இன்று நோயாளிக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளுள் பல, அதற்குப் பின் நேர்ந்த பிழைகளிலிருந்து கற்றவை.

மூக்கறுபட்டவர்க்கு இலையால் அளவெடுத்து, கன்னத்திலிருந்து அவ்வளவே தோலைப் பெயர்த்து ஒட்டி, துளைகள் மூடிவிடாதபடி இரு குழல்களைச் செருகும் முறையைப் பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை விவரிக்கிறது. நெற்றித்தோலைப் பயன்படுத்தும் முறையும் அந்நூலிலேயே உள்ளதாகப் பலர் எழுதிவருவது பிழை. அதனை ஐரோப்பா அறிந்தது, லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் 1794 அக்டோபரில் வெளியிட்ட ஒரு கடிதத்தின் வழியாகும். மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படையின் மாட்டுவண்டியோட்டியாக இருந்து, திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்த கவாஸ்ஜி என்பவருக்குப் புனே அருகே செங்கல் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு அமைத்ததை அக்கடிதம் படத்துடன் கூறியது. மெழுகால் மூக்கின் வடிவம் செய்து, அதனை நெற்றியில் தட்டையாகப் பரப்பிக் கோடிட்டு, அந்த அளவில் தோலை உரித்து, புருவங்களுக்கு இடையே ஒரு காம்பை மட்டும் அறுக்காமல் விட்டுத் தோலைத் திருப்பிப் பொருத்தினார். இரத்த ஓட்டம் அக்காம்பின் வழியே தொடர்ந்ததால் ஒட்டிய தோல் பிழைத்தது. ஏறத்தாழ 25ஆம் நாளில் காம்பு அறுக்கப்பட்டது. இம்முறையைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அறுவை செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். இத்தாலியில் டாலியகோட்சி, மேற்கையின் தோலைக் கொண்டு மூக்கமைக்கும் முறையை 1597இலேயே நூலாக்கியிருந்தார் எனினும், கையை முகத்தோடு பல நாள் கட்டிவைக்க வேண்டிய அம்முறை பின்னர் வழக்கொழிந்திருந்தது.

மயக்க மருந்தும் நுண்ணுயிர்த் தடுப்பும் வந்த பின்னரே, உயிருக்கு இன்றியமையாத அறுவைகளைத் தாண்டித் தோற்றத்துக்காகக் கத்தியெடுக்கும் துணிவு மருத்துவர்க்கு வந்தது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஜான் ஆர்லாண்டோ ரோ, வெளியே தழும்பு தெரியாமல் மூக்கின் உள்ளிருந்தே செய்யும் அறுவையை 1887இல் வெளியிட்டார். பெர்லினில் ஜாக் ஜோசப், 1898இல் ஓர் இளைஞரின் பெரிய மூக்கைச் சிறிதாக்கி, தோற்றத்தால் வரும் மனத்துயரும் மருத்துவம் கேட்கும் துயரே என்று வாதிட்டார். அவ்வாதம் சரியானதே, ஆயினும் எல்லா மனத்துயரும் மூக்கிலிருந்து எழுவதன்று. சிறு குறையைப் பெருங்கோரமாகக் காணும் உடல் தோற்றக் கோளாறு உடையோர், அறுவைக்குப் பின்னும் பெரும்பாலும் மனநிறைவு பெறுவதில்லை என்பதால், முதல் சந்திப்பிலேயே எதிர்பார்ப்பைத் துருவிக் கேட்கும் மருத்துவரை நோயாளி குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஜோசப்பின் வழிவந்தோர் பல்லாண்டுகள் எலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்கிக் குறைப்பதிலேயே முனைந்தனர். தாங்கும் சட்டம் மெலிந்த மூக்குகள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கிள்ளியது போல ஒடுங்கின. சில மூச்சுவழியை அடைத்தன. 1978இல் நூல் வெளியிட்ட ஜாக் ஷீன் முதலியோர், நோயாளியின் மூக்கு நடுச்சுவர், காது அல்லது விலா எலும்பிலிருந்து குருத்தெலும்பை எடுத்து முட்டுக்கொடுக்கும் முறையை முன்னிறுத்தினர். இரு துளைகளுக்கு இடையிலுள்ள தோல் தண்டில் சிறு கீறலிட்டுத் தோலை உயர்த்திச் சட்டத்தை நேரே காணும் திறந்த முறை 1970களில் பரவியது. இதில் சிறு தழும்பு எஞ்சும். மூடிய முறையில் வெளித்தழும்பு இல்லை, பார்வைப் பரப்பு குறைவு. எது உயர்ந்தது என்பதைவிட, அறுவை செய்பவர் எதில் தேர்ந்தவர் என்பதே பொருட்படுத்தத்தக்கது.

முக வளர்ச்சி முடியும் வரை, பொதுவாகப் பெண்களுக்கு 15 அல்லது 16 வயதும் ஆண்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலும் ஆகும் வரை, தோற்றத்துக்கான அறுவை தள்ளிவைக்கப்படும். ஆஸ்பிரின் போன்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் உட்கொள்வதை மறைக்கலாகாது. மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது. புகைப்பழக்கம் ஆறுதலைத் தாமதப்படுத்தும். வெளியே கட்டும் அச்சு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும். கண்ணைச் சுற்றிய கன்றல் இரு வாரங்களில் மங்கும். ஆனால் மூக்கு நுனியின் வீக்கம், தடித்த தோல் உடையோர்க்குச் சிறப்பாக, வடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இரத்தக்கசிவு, தொற்று, உணர்விழப்பு, நடுச்சுவரில் துளை, மூச்சடைப்பு ஆகியவை நேரக்கூடிய தீங்குகள். மறு அறுவை வேண்டுவோர் பொதுவாக 100க்கு 5 முதல் 15 பேர் எனக் கணக்கிடப்படுகிறது. வீக்கம் முழுதும் வடியுமுன் அதற்கு அவசரப்படுவது பயனற்றது.

அறுவையின்றி ஊசியால் வடிவம் திருத்தும் நிரப்பு மருந்துகளும் இப்போது பரவியுள்ளன. 1900ஐ ஒட்டிப் பாரஃபின் மெழுகை ஊசிவழி செலுத்தியபோது கட்டிகள் உண்டாகி அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இன்றைய ஹயலூரானிக் அமிலம் கரைக்கத்தக்கது, அதனினும் பாதுகாப்பானது. எனினும் அது மூக்கைப் பருமனாக்குமே தவிரக் குறைக்காது, இரத்தக் குழாயினுள் புகுந்தால் தோல் அழுகலையும், அரிதாகப் பார்வையிழப்பையும் உண்டாக்கும்.