பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

என் மருமகள் அரசுப் பள்ளி ஆசிரியை. இப்போது பேறுகால விடுப்பில் இருக்கிறாள். ஒரு வருஷ விடுப்பு. போன வாரம் பேரனைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, தொட்டிலில் போட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"உங்க காலத்துல எத்தனை நாள் லீவு அத்தை?"

"90 நாள்."

"அதுக்கப்புறம் பிள்ளைய யார் பார்த்தா?"

பக்கத்து வீட்டு ஆச்சி என்று சொன்னேன். ஆனால் அது பாதிப் பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தூத்துக்குடியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் முத்தைப் பற்றி எழுதுவார்கள், கப்பலைப் பற்றி எழுதுவார்கள், உப்பைப் பற்றி எழுதுவார்கள். அந்த வேலைகளுக்குப் போன வீடுகளில் கைக்குழந்தையை யார் வைத்திருந்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

முத்திலிருந்தே தொடங்குகிறேன். அரசாங்கம் இங்கே தொடர்ச்சியாக நடத்திய கடைசி முத்துச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை. அப்போது நான் சின்னப் பிள்ளை. கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர் ஒரு நிமிஷம் போல மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தங்கை தாலி அறுக்கக்கூடாதே என்று கயிற்றை விடமாட்டானாம். கரையில் பிள்ளையோடு காத்திருந்த தாய்க்கு அந்தத் தாய்மாமன்தான் காப்பீடு. சட்டம் வராத காலத்தில் உறவுதான் சட்டம்.

அடுத்தது தண்ணீர். கைக்குழந்தை உள்ள வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் செலவாகும் என்று தாய்மார்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் மண்ணைத் தோண்டினால் உப்புத் தண்ணீர். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவந்தவர் நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து. அவர் சிலையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு ஈரத்துணிக் கொடிகள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தத் தண்ணீர் வந்த பிறகு எத்தனை பெண்களின் இடுப்பிலிருந்து குடம் இறங்கிப் பிள்ளை ஏறியிருக்கும்!

பிறகு ஆலை. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றதும் நம் எல்லோருக்கும் தெரியும். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது வார விடுமுறை. அதைப் பெற்றும் காட்டினார்கள். வாரத்தில் ஒரு பகல் தகப்பனோ தாயோ வீட்டில் இருப்பது என்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலைக்குப் போகும் தாய்க்கு என்று உலக அளவில் முதலில் விதி செய்தது 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. பேறுகாலத்துக்கு முன்னும் பின்னுமாக 12 வாரம், வேலைக்குத் திரும்பிய பிறகு பால் கொடுக்க இடைவேளை. பம்பாயில் 1929-லும் நம் சென்னை மாகாணத்தில் 1934-லும் பேறுகாலச் சட்டங்கள் வந்தன. அந்தக் காலத்தில் பம்பாய் ஆலைப் பெண்கள் பிள்ளை அழாமல் கிடக்கட்டும் என்று கொஞ்சம் அபின் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். 1931-ல் வெளியான ராயல் கமிஷன் அறிக்கை வரை அந்த விஷயம் போயிற்று. கல்நெஞ்சக்காரத் தாய்கள் அல்ல அவர்கள். பார்க்க ஆளில்லாத தாய்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948 தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த எண்ணிக்கையை 30 ஆக்கினார்கள். 1961-ல் நாடு முழுமைக்கும் பேறுகாலப் பயன் சட்டம் வந்தது. 12 வாரச் சம்பளம். ஆனால் அதற்கு முந்தைய 12 மாதத்தில் 160 நாள் அந்த இடத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

அந்த 160 நாளில்தான் எங்கள் உப்பளத்துப் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

உப்பளத்தில் வேலை தை, மாசியில் சூடுபிடித்து, ஐப்பசி மழையில் நின்றுபோகும். இன்று ஒரு அளம், நாளை இன்னொரு அளம். நாள்கூலிக்குப் போகிறவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கும்? இந்தப் பெண்களின் பாட்டை ராஜம் கிருஷ்ணன் நேரில் வந்து பார்த்து 'கரிப்பு மணிகள்' என்று நாவலாக எழுதினார். நான் பார்த்தது என் வகுப்பறை ஜன்னல் வழியாக.

நான் அப்போது ஊரை ஒட்டிய ஒரு உப்பளக் கிராமத்தில் ஆசிரியை. அன்று நாம் திருநெல்வேலி மாவட்டம்தான். 1978-ல் என் மூத்தவன் பிறந்தான். 90 நாள் முடிந்து வேலைக்குப் போனேன். மத்தியானம் ஆனால் பால் கட்டிக்கொண்டு சேலையின் முன்புறம் நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். ஆச்சி பிள்ளையைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் சாயங்காலம் அவன் என்னைக் கண்டதும் ஆச்சி தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அன்றிரவெல்லாம் எனக்குத் தூக்கம் வராது.

அந்த வருஷம் என் மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண் இருந்தாள். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் மூச்சு விடாமல் சொல்வாள். மாசி மாசம் தொடங்கியதும் வருவது நின்றுவிட்டது. நானும் ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' போட்டுக்கொண்டு வந்தேன். ஒருநாள் அவள் அம்மாவை வழியில் பார்த்து, கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். தலையில் சும்மாட்டுத் துணி, காலெல்லாம் உப்புப் பூத்த வெடிப்பு. அந்தப் பெண் சத்தம் போடவில்லை.

"டீச்சர், ஒங்க பிள்ளைய ஆச்சி பாக்காவ. எம் பிள்ளைய இவ பாக்கா. இவளயும் நீங்க வச்சிக்கிட்டா, அந்தக் கைப்பிள்ளைய நா அளத்துல போட்டுக் காய வைக்கவா?"

எனக்குப் பதில் இல்லை. எனக்கு அரசாங்கம் கொடுத்த 90 நாள் அவளுக்குக் கிடையாது. அவளுக்குக் கிடைக்காத நாட்களை எட்டு வயதுப் பிள்ளை தன் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பதிவேட்டில் நான் போட்ட 'ஆப்சென்ட்' எல்லாம் உண்மையில் அவள் வேலைக்கு வந்த நாட்கள்.

காமராஜர் இதே பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். அது பள்ளிக்கூடம் வரும் பிள்ளைக்கு. பள்ளிக்கு வர முடியாத சின்னப் பிள்ளைக்குக் கதவு திறந்தது 1982 ஜூலை 1-ல். எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 2 வயதுப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டது. எங்கள் கிராமத்திலும் பால்வாடி வந்தது. சோற்றைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நான் கவனித்தது வேறு. பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், ஒரு கூரை.

அந்தக் கைப்பிள்ளை இப்போது ஓடியாடும் பையன். பால்வாடிக்குப் போனான். அவர்கள் வீட்டு இரண்டாவது பெண் முதல் வகுப்பில் வந்து சேர்ந்தாள், ஒரு நாள் தவறாமல் வந்தாள். மூத்தவளைக் கேட்டேன். அவள் அம்மாவோடு அளத்துக்கு உப்புச் சுமக்கப் போய்க்கொண்டிருந்தாள். 11 வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம் என்று சொல்லிவிட்டாள். திட்டம் நல்ல திட்டம்தான். அவளுக்கு மட்டும் மூன்று வருஷம் பிந்திவிட்டது.

2017-ல் சட்டம் 12 வாரத்தை 26 வாரம் ஆக்கியது. அரசு ஊழியருக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் ஒரு வருஷம். நல்லது. என் மருமகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் நாள்கூலிக்குப் போகிற தாய்க்கு இன்றும் ஏட்டில் பெயர் வேண்டும்.

இதையெல்லாம் மருமகளிடம் சொல்லி முடித்தபோது தொட்டிலில் பேரன் முழித்துக்கொண்டான். அவள் எழுந்து போய் எடுத்தாள். நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், சின்ன வயதில் உங்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அம்மா, ஆச்சி என்று தொடங்கி, கடைசியில் அநேகமாக ஒரு அக்காவின் பெயர் வரும். அந்த அக்கா எத்தனாவது வரை படித்தாள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.